மாலையிடாத படம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோப் பகுதியில், ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிய இளைஞனின் படமும், சற்று நேரமே அதன்மேல் கிடந்த மல்லிகை மாலையும், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என்னைத் தலைகுனிய வைக்கின்றன.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் அக்கா அவ்வீட்டில் பணிபுரிந்தார். வீட்டுத் தலைவியை, அந்நாட்டு வழக்கப்படி, அம்மையார் என்னும் பொருளில் சிஞ்ஞோரா என்றே அழைப்போம். இளமையில் கணவரோடு அர்ஜென்டீனாவுக்குக் குடிபெயர்ந்து, முதுமையில் தனியே திரும்பியவர் அவர். அங்கே படைத்தலைவர்கள் ஆண்ட காலத்தில், மாணவனாயிருந்த அவருடைய ஒரே மகனை, உண்டுகொண்டிருந்த மேசையிலிருந்து சிப்பாய்கள் எழுப்பிக் கொண்டுபோனார்கள். அவனைப் பிடித்ததாக எந்த முகாமும் ஒப்புக்கொள்ளவில்லை; உடலும் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சுற்றிவளைப்பொன்றில் இராணுவம் கொண்டுபோன, அக்காவின் கணவரான என் அத்தானின் கதையும் ஏறத்தாழ அதுவே. ஆகையால் அவ்விரு பெண்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள மொழி அதிகம் வேண்டியிருக்கவில்லை.

இறந்தோர் திருநாள் வந்தது. அந்நாளில் இறந்தவர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள் என்பது பலெர்மோவின் நம்பிக்கை. வியா மக்வேதாத் தெருவின் கடைகளெங்கும் சீனிப் பொம்மைகள் நிறைந்திருக்கும். சிஞ்ஞோரா தம் பெற்றோரின் கல்லறைக்குப் போயிருந்தார். சாளரங்களைத் துடைக்க நான் உதவிக்குச் சென்றிருந்தேன். மாடிமுகப்புக் கொடியிலிருந்து பருவத்தின் கடைசி மல்லிகைகளைப் பறித்து, அக்கா தையல் நூலில் மாலையாகத் தொடுத்தார்.

“பாவம், அந்தப் பெடியனுக்குப் பூ வைக்க ஒரு குழிகூட இல்லை. கதிரையிலை ஏறிக் கொழுவிவிடு,” என்றார். “பாத்து ஏறடா. உனக்கும் சேர்த்துக் கட்ட என்னட்டைப் பூ இல்லை.”

சிரித்துக்கொண்டே ஏறினேன்.

திரும்பி வந்த சிஞ்ஞோரா, இது என்னவென்று கேட்டார். இறந்தவர்களின் படத்துக்கு எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம் என்று, தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் அக்கா கனிவோடு விளக்கினார். சிஞ்ஞோரா அக்காவின் நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலியையும் பார்த்தார். கணவன் உயிரோடிருக்கும்வரை அணிபவை அவை என்று முன்பொருநாள் அக்காவே அவருக்குச் சொல்லியிருந்தார்.

“உன் கணவனின் படத்துக்கும் போட்டிருக்கிறாயா?”

குரலில் சினம் இல்லை. விடையை அறியவே கேட்டார். அக்கா தரையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அத்தான் இனித் திரும்பமாட்டார் என்று, அக்கா இல்லாத வேளைகளில் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பேசியிருக்கிறோம். அவர் முகம் பார்த்துச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. அந்தச் சொல்லைப் பிறர் மகனுக்குப் பூவால் எத்துணை எளிதாகச் சொல்லிவிட்டோம்.

சிஞ்ஞோரா மாலையைக் கழற்றினார். எறிந்துவிடவில்லை. நூலை உருவி, பூக்களைக் கண்ணாடிக் குவளை நீரில் மிதக்கவிட்டு, படத்தின்கீழ் வைத்தார். “மல்லிகை அவனுக்குப் பிடிக்கும்,” என்றார். பிடித்திருந்தது என்று சொல்லவில்லை.

வீடு திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: “நெத்தியிலை பொட்டை வைச்சுக்கொண்டு அவவின்ரை பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டன், தம்பி.”

சிஞ்ஞோரா இன்று இல்லை. மகனின் படத்தை அக்காவிடமே விட்டுச்சென்றார். அது இப்போது அக்காவின் வீட்டுச் சுவரில், அத்தானின் படத்துக்கும் சிஞ்ஞோராவின் படத்துக்கும் நடுவில் தொங்குகிறது. இவ்வாண்டுத் திருநாளிலும் அக்கா ஒரேயொரு மாலை தொடுத்தார். மிஞ்சிய பூக்களை இரண்டு குவளை நீரில் இட்டு, அத்தானின் படத்தின்கீழும் சிஞ்ஞோரா மகனின் படத்தின்கீழும் வைத்தார். மாலையை என்னிடம் நீட்டினார். கதிரையில் ஏறுமுன், எந்தப் படத்துக்கு என்று கேட்டேன். தெரிந்திருந்தும் கேட்டேன்.