காட்டுக்குள் பத்தொன்பது ‘ம்’

“குனிந்து பார்த்தார் கமா சேற்றில் ஒரு காலடித் தடம் முற்றுப்புள்ளி.” காலை பத்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தக் குரல் தொடங்கிவிடும். குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மா யாருக்கோ பாடம் எடுக்கிறார் என்று நினைத்தேன். அங்கே அவரைத் தவிர யாரும் இல்லை.

அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை திருத்துவது அவர் தொழில். அது இரண்டு பேர் வேலை. கணவர் கையெழுத்துப் பிரதியைக் கமா, புள்ளி விடாமல் உரக்கப் படிப்பார்; இவர் அச்சுப்படியில் சரிபார்த்து ‘ம்’ என்பார்; கணவர் அடுத்த வரிக்குப் போவார். முப்பது வருடம் அப்படி. கணவர் போய் மூன்று வருடமாகிறது. இப்போது காலையில் இவரே படித்துக் கைபேசியில் பதிவு செய்கிறார். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவியபின் அதை ஓடவிட்டுச் சரிபார்க்கிறார். தன் குரலுக்குத் தானே ‘ம்’ சொல்கிறார்.

“நான் சொன்னாலும் சொல்லாட்டாலும் அது பாட்டுக்குப் போகுது. அதான் எனக்குக் கடுப்பு.”

கொண்டையில் செருகிய சிவப்புப் பென்சிலோடுதான் கடைக்குப் போவார். பிழை கண்ணில் பட்டால் மாத்திரை அட்டையைக்கூட விடமாட்டார். லிஃப்டில் ‘குப்பை கொட்டதீர்கள்’ என்று ஒட்டியிருந்தார்கள். மறுநாள் அதில் சிவப்பாக ஒரு துணைக்கால் முளைத்திருந்தது.

ஒரு துப்பறியும் தொடரின் பதினேழு புத்தகங்களும் அவர் கை பட்டவை. கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துக் கொலைகாரனைக் காட்டுவார். இவர் ஆறாம் அத்தியாயத்திலேயே அவன் பெயரை ஓரத்தில் எழுதிவிடுவார். “ஆறுல தெரியலைன்னா எழுதினவருக்கே தெரியலைன்னு அர்த்தம்.”

பதினெட்டாவது புத்தகத்தின் பார்சல் தவறி என் வீட்டுக்கு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் கைபேசியின் ஸ்பீக்கரில் பதிப்பாளர் இரைந்துகொண்டிருந்தார்.

“இதுல கொலையே இல்லக்கா. தப்பிச்சவனைத் தேடிக் காட்டுக்குள்ள போற துப்பறிவாளரு வழி தவறிடறாரு. இருநூறு பக்கம் ஒத்தை ஆளு. யாரோ பின்னாடி வர்றாங்கன்னு பயந்து ஓடறாரு, பாத்தா அவரோட காலடித் தடமேதான். கூடத்துல உக்கார வைக்க ஒரு மரங்கொத்திதான் இருக்கு!”

“மரங்கொத்தி உக்காராதுப்பா. ஒட்டிக்கிட்டு நிக்கும்.”

“சிரிக்காதீங்க. ஒன்பதாம் நாள்ல இருந்து தானே பேசித் தானே ‘ம்’ கொட்டறாரு. பத்தொன்பது ‘ம்’! ஆளுக்குக் கழண்டுடுச்சுன்னு படிக்கிறவங்க சிரிப்பாங்க. எல்லாத்தையும் அடிச்சுட்டேன். எழுத்தாளர் சண்டைக்கு வர்றாரு. அக்கா சொன்னாச் சரின்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்.”

“படிச்சுட்டுச் சொல்றேன்.”

அந்த வாரம் சுவருக்கு அப்பால் குரல் மெதுவாக நடந்தது. நடுநடுவே நின்றது. வியாழக்கிழமை பிற்பகல், இரவல் வாங்கிய ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மேசையில் அச்சுப்படி விரிந்து கிடந்தது. ஆறாம் அத்தியாயத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறியை எழுதி அழித்த தடம் மட்டும் இருந்தது.

“என்ன முடிவு பண்ணினீங்க?”

“கழண்டவன் ‘ம்’ சொல்லமாட்டான்மா. பேசிக்கிட்டே போவான்” என்றவர், நாற்காலியில் கிடந்த காகிதங்களை எடுத்து எனக்கு இடம் விட்டார். “உக்காரு, ரெண்டு பக்கம்தான் பாக்கி.”

கைபேசியை ஓடவிட்டார். காலையில் பதிவான அவர் குரல் வந்தது. “சுள்ளியை ஒடித்து நெருப்பில் போட்டார் முற்றுப்புள்ளி. ம் முற்றுப்புள்ளி.”

அச்சுப்படியில் அந்த ‘ம்’ மேல் பதிப்பாளரின் நீலக் கோடு கிடந்தது. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, அடிக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்பதற்கு அடையாளமாக, அதன் அடியில் மூன்று சிவப்புப் புள்ளிகள் வைத்தார். அதற்குள் கைபேசி அடுத்த வரியைத் தொடங்கிவிட்டது. விரலால் அதை நிறுத்தினார்.

“ம்” என்றார். பிறகுதான் ஓடவிட்டார்.