தனக்கு எதிராகப் பாடிய எமானிஸ்

மொறட்டுவையில் எமானிஸ் சல்காதுவின் குரல் கேட்காத வீடு கிடையாது. வானொலியில் பாடினான், நான்கு இசைத்தட்டுகளும் வந்துவிட்டன. அவன் தலையில் தடவுகிற எண்ணெயில் ஒரு குடும்பமே மீன் பொரித்துச் சாப்பிடலாம். இத்தனை புகழும் தச்சு மேஸ்திரி கரோலிஸ் பாஸின் பட்டறை வாசலோடு நின்றுபோனது. பாஸின் மகள் லிலியனைத்தான் அவன் கட்ட ஆசைப்பட்டான்.

“மாமா...” என்று ஒருநாள் ஆரம்பித்தான்.

“ஆருக்கடா மாமா? பாட்டுக்காரனுக்குப் பிள்ளையைக் குடுக்கிறதிலும் பாக்க, அவளை ஒரு அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டலாம்!”

எமானிஸ் விடுகிற ஆளா? தினமும் வந்து உயிரை வாங்கினான். “சரி, மாதா கோயில் திருவிழாவில வாதுப் பைலா வெண்டு காட்டு, தாறன்” என்றார் பாஸ், தொல்லை தாங்காமல்.

வாதுப் பைலாவில் இரண்டு பேர் மேடையில் நின்று, ஒரு தலைப்பில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அங்கேயே பாட்டுக் கட்டி மோத வேண்டும். பரிசு கொடுப்பவர் தலைப்புச் சொல்வார். யாருக்கு எந்தப் பக்கம் என்று சீட்டு சொல்லும். அந்த வருஷப் பரிசு கரோலிஸ் பாஸ் செய்த அலுமாரி.

பாஸ் மைக்கைப் பிடித்துத் தலைப்பைச் சொன்னார்: “பாட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்கலாமா?”

எமானிஸ் சீட்டை எடுத்தான். ‘கொடுக்கக் கூடாது.’ பாஸுக்கு இடுப்பில் கட்டிய சாரம் அவிழும் அளவுக்குச் சிரிப்பு வந்தது.

பாவம், என்ன செய்வான்? தோற்றால் பெண் இல்லை. வென்றால் தன் வாயாலேயே தன்னை வேண்டாம் என்று நிரூபித்தவன் ஆவான். முதல் பாட்டை மென்று விழுங்கினான். எதிரே நின்ற ஜஸ்டின், பாட்டுக்காரன் வீட்டில் சண்டையே வராது என்று எடுத்துவிட்டான். “பொய்!” என்று கூட்டத்திலிருந்து கத்தியது ஜஸ்டினின் மனைவிதான். ஜஸ்டினுக்கு அடுத்த அடி வரவில்லை.

கூட்டம் எமானிஸைப் பார்த்துக் கை தட்டியது. கைதட்டல் கேட்டால் அவனுக்குத் தன்னையே மறந்துபோகும். பாட்டுக்காரன் மத்தியானம் வரை தூங்குவான், அவன் படுத்த தலையணையைப் பிழிந்தால் விளக்கு எரியும், மாமியார் செத்தாலும் ராகம் சரியில்லை என்பான் என்று ஒன்றுவிடாமல் கொட்டினான். லிலியன் கடலையை வாயில் போட மறந்து சிரித்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் யாருக்கு எதிராகப் பாடுகிறோம் என்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் நடுவர் அவன் கையை உயர்த்திவிட்டார்.

“வெண்டது நீதான். குடுக்கிறன் எண்டதும் நான்தான்” என்றார் பாஸ். “ஆனா நீ சொன்னதை எல்லாம் இந்தக் காதால கேட்டனே! இனி எப்பிடியடா குடுக்கிறது?”

லிலியன் தன் தாய் அக்னஸ் நோனாவின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, இவர் தன்ட குறை எல்லாத்தையும் மேடையிலேயே சொல்லிப்போட்டார். உங்களைக் கட்ட முந்தி அப்பா தன்ட குறையில ஒண்டாவது சொன்னவரா?”

அக்னஸ் நோனா புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

“சொல்லியிருந்தா, நான் இப்ப சிலாபத்தில அந்த மீன் முதலாளியைக் கட்டிக்கொண்டு நிம்மதியா இருந்திருப்பன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எமானிஸுக்கும் லிலியனுக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள்.