மூன்று மணி இலை

நாளை இலையில் அயோடின் விட்டுப் பார்க்கும் மாவுச்சத்துச் சோதனை என்றால், இன்று பிற்பகல் மூன்று மணிக்கே கத்தரிக்கோலுடன் பள்ளித் தோட்டத்தில் இறங்கிவிடுவார் ஆய்வக அக்கா. வெயிலில் நிற்கும் செம்பருத்தியை இலை இலையாகப் புரட்டி, பூச்சி தொடாத ஒன்றைக் காம்போடு நறுக்குவார். இரண்டே நிமிடத்தில் அது கொதிநீரில் கிடக்கும். "வெந்துட்டா உள்ள இருக்கறது அப்படியே நின்னுடும். விட்டா ராத்திரிக்குள்ள அதுவே தின்னு தீத்துரும்" என்பார்.

பதினெட்டு வருடமாக ஆய்வக உதவியாளர். அயோடின் கறை ஏறிய விரல்களால் பிள்ளைகளுக்கு ‘டிஞ்சர் அக்கா’. இலையை வெளுக்கவைக்கும் ஸ்பிரிட்டைச் சோதனைக்குழாயோடு வெந்நீருக்குள்தான் இறக்குவார். அதற்கு முன் அடுப்பு அணைந்ததா என்று இரண்டு முறை குனிந்து பார்ப்பார். வீட்டில் கணவர், "எனக்கும் ஒரு சொட்டு விட்டுப் பாரேன், உள்ள சரக்கு இருக்கான்னு" என்று சீண்டுவார். "முடிவு தெரிஞ்ச சோதனைய நான் செய்யறதில்ல" என்று பதில் வரும்.

போன மாதம், புதிய அறிவியல் ஆசிரியரின் பாடத்தைப் பார்க்க அதிகாரி வருவதாக இருந்தது. அவர் எழுதும் குறிப்பை வைத்துத்தான் ஆசிரியரின் வேலை நிரந்தரமாகும். பாடம் இதே சோதனை, அதுவும் காலை முதல் வகுப்பில். விடியுமுன் செடி சேர்த்ததையெல்லாம் செலவழித்துவிடும், காலையில் பறித்த இலை அயோடினுக்குக் கறுக்காது என்று அக்கா முதல் நாளே சொல்லிப் பார்த்தார்.

"புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லையேக்கா" என்றார் ஆசிரியர். அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்குத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தார்.

மறுநாள் அதிகாரியின் கண்ணெதிரே, ஆசிரியரின் இலை அயோடின் பட்டும் தேநீர் நிறத்திலேயே நின்றது. இன்னொரு சொட்டு விட்டார். அதே நிறம்.  ஆசிரியர் குப்பியை மேசையில் வைத்துவிட்டார்.

அக்கா அலமாரியைத் திறந்து, முந்தின நாளே வேகவைத்து வெளுத்துவைத்த இலையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் முன்னால் இலைக்கொரு சீட்டு: ‘இன்று காலை எட்டு’, ‘நேற்று பிற்பகல் மூன்று’. அயோடின் குப்பியை ஆசிரியர் கையிலேயே கொடுத்தார். நேற்றைய இலையில் சொட்டு பட்ட இடமெல்லாம் மை கொட்டியதுபோல் கறுத்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்ப ராத்திரியில செடி சாப்பிடுதா சார்?" என்றாள். அவ்வளவுதான், ஆசிரியருக்குப் பேச்சு வந்துவிட்டது. மணி அடித்தும் நிறுத்தவில்லை.

புறப்படும்போது அதிகாரி மேசையருகே நின்றார். "ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினது நல்லா இருந்துது. யாரோட யோசனை?"

ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள், அக்கா துடைத்துக்கொண்டிருந்த இடுக்கியை நீட்டி ஆசிரியரையே காட்டினார்.