மூன்று நாள் நல்ல பிள்ளை

இரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போதே என் வீட்டுக்காரர் நல்ல பிள்ளையாகிவிடுவார். சோறு வேண்டாம், சப்பாத்தி போதும். டீயில் சர்க்கரை கூடாது. மற்ற நாட்களில் மறந்துபோகிற மாத்திரை அப்போது மட்டும் ஞாபகம் வரும். காலையில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் வரை நடை வேறு. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்த கையோடு பக்கத்து ஓட்டலில் பொங்கல், வடை, தித்திப்பாக ஒரு காபி.

ரிசல்ட் எப்போதும் சுமாராக நல்லபடியாகவே வரும். "பாத்தியா, கண்ட்ரோல்ல கீது" என்று காகிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டுவார். இவருக்குச் சிலை வைக்காததுதான் பாக்கி.

நசரத்பேட்டையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளையிலேயே பல வெள்ளை பார்க்கத் தெரிந்த கண். போன வருடம் ஒரு காரின் கதவுக்கு வேறு வெள்ளையை அடித்துவிட்டார். கண் டாக்டர் சோதித்துவிட்டு, சர்க்கரையால் உள்ளே இரத்தம் கசிகிறது, இப்படியே விட்டால் பார்வை போய்விடும் என்றார்.

நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா, மூன்று மாத சராசரி காட்டும் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். ஏழுக்குள் இருக்க வேண்டியது ஒன்பதைத் தாண்டி நின்றது.

"மிஷின் கோளாறும்மா. எப்பவோ துன்னது அதுக்கு எப்டி தெரியும்?" என்றார் இவர்.

"சர்க்கரை ரத்த அணுவுல ஒட்டிக்கும். அந்த அணு அழியுற வரைக்கும் விடாது. ஈர பெயிண்ட்ல ஒட்டின தூசியைத் துடைச்சா போகுமா?" என்றார் டாக்டரம்மா.

அது அவருக்குப் புரிந்தது. வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அவர் சொன்னார்.

"எங்க அக்காவுக்கு இன்சுலின் ஊசி ஆரம்பிச்சாங்கோ. அப்புறம் காலை எடுத்தாங்கோ. அப்புறம் ஆளே இல்ல. நம்பர் ஏறிச்சுனா எனக்கும் ஊசின்னு பயம்டி."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அண்ணி போனது ஊசியால இல்லீங்க. அதை ரொம்ப லேட்டா போட்டதால" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மருந்தை முடிவு செய்ய டாக்டரம்மா சொன்ன அடுத்த பரிசோதனை வந்தது. முந்தைய நாள் சப்பாத்திக்கு மாவை எடுத்தேன். "வேணா. எப்பவும் போல சோறே போடு. இன்னா கீதோ அது தெரியட்டும்" என்றார்.

மறுநாள் வெறும் வயிற்றுச் சர்க்கரை இருநூற்றைத் தாண்டியிருந்தது. அதுவரை அவர் வாங்காத மோசமான எண். டாக்டரம்மா அதைப் பார்த்து ஊசியின் அளவை எழுத, எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடமும் அந்த மூன்று நாள் நல்ல பிள்ளைக்குத்தான் மருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் என் வீட்டுக்காரருக்கு எழுதினார்கள்.