ஆடிச் சாரலில் ஒரு கண் முகாம்

பினாங்கில் கப்பலேற்றிவிட வந்த அப்பா, "மழையைப் பார்க்க இந்தியாவுக்குப் போகிற முதல் தைப்பிங்காரி நீதான்" என்று கேலி செய்தார். மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன எங்கள் தைப்பிங்கில் சாயங்காலம் மழை வராவிட்டால்தான் ஆட்கள் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் போனது மழைக்காக அல்ல. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத் தேர்வு முடிந்து, இங்கிலாந்தில் பல்கலைக்கழக இடமும் கிடைத்து, அக்டோபர் வரை சும்மா இருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் வெளிநாட்டில் தொண்டு செய்ய விரும்புகிறவர்களை எங்கள் இளைஞர் மன்றம் பல ஊர்களுக்கு அனுப்பியது. தென்காசிக் கண் சிகிச்சை முகாமுக்கு நான் கை தூக்கினேன். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தே கிலோமீட்டர் என்று சொன்னதும் தூக்கிய கை அது. 1981ஆம் வருடம், எனக்குப் பத்தொன்பது வயது.

சென்னை எழும்பூரில் கொல்லம் மெயில் பிடித்தேன். மறுநாள் காலை ராஜபாளையம் தாண்டியதும் மேற்கே மலை வந்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டது. எதிரில் கடையநல்லூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா படிக்கே?" என்றார்.

"இனிமேதான் பல்கலைக்கழகம் போகணும்."

"அப்பம் இந்த வருசம்?"

"இந்த வருசம் தொண்டு செய்யப் போறேன்."

அவர் சம்படத்தைத் திறந்து இரண்டு முறுக்கை என் கையில் வைத்தார். "பெயிலானா என்னம்மா? அடுத்த வருசம் எழுதிக்கிடலாம். மனசை விட்டுராத." அதன் பிறகு தென்காசியில் எத்தனை பேரிடம் விளக்கினாலும் பதில் இதுவாகத்தான் இருந்தது. கடைசியில் நானே பெயில் என்று ஒத்துக்கொண்டு முறுக்கைத் தின்னப் பழகினேன்.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கும்போது நல்ல வெயில். அந்த வெயிலிலேயே தூறலும் விழுந்தது. தைப்பிங் மழை தலையில் கொட்டும். இந்தச் சாரலோ காற்றில் மிதந்து பக்கவாட்டில் வந்து முகத்தைத் தடவிவிட்டுப் போகிறது, குடை பிடிக்கத் தோன்றவே இல்லை. மேலகரத்துக்குக் குதிரை வண்டி மூன்று ரூபாய். போகிற வழியில், எப்போதோ தீப்பிடித்து உச்சியில்லாமல் நின்ற பெரிய கோபுரத்தைக் காட்டி, "வாசல்ல போயி நின்னு பாருங்க, காத்து ஆளைத் தூக்கும்" என்றார் வண்டிக்காரர். போய் நின்றேன். பாவாடையைப் பிடிப்பதா, தலைமுடியைப் பிடிப்பதா என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே ஓடி வந்துவிட்டேன்.

முகாம் நடந்தது மேலகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஆகவே மண்டபம் இலவசமாகக் கிடைத்தது. மணமகள் அறையில் அறுவை சிகிச்சை. பந்தி நடக்கும் கூடத்தில் வரிசையாகப் பாய்கள், அவற்றில் இரண்டு கண்ணையும் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கும் நோயாளிகள். மணமேடையில் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கட்டைப் பிரிப்பார். தொண்டர்களான எங்கள் வேலை ஊட்டிவிடுவது, கழிப்பறைக்குக் கைபிடித்து அழைத்துப் போவது, அதைவிட முக்கியமாகத் தலையை ஆட்டாமல் பார்த்துக்கொள்வது. நம் ஆட்கள் தலையை ஆட்டாமல் 'சரி' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரிந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போனேன். கடைத்தெருவில் எனக்கு ஓர் அதிர்ச்சி. எங்கள் வீட்டுக் கொல்லையில் உதிர்ந்து அழுகும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் இங்கே மருந்து என்ற மரியாதையோடு தட்டில் அடுக்கியிருந்தன. மங்குஸ்தான் ஒன்று ஒரு ரூபாய்! இதற்காகவா கடல் தாண்டி வந்தோம் என்று எண்ணியபடி கடைகளைத் தாண்டித் திரும்பினேன். மெயின் அருவி என்கிற பேரருவி எதிரே நின்றது.

மலையே வாய் பிளந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தால் மேகம், எங்கே மேகம் முடிந்து எங்கே அருவி தொடங்குகிறது என்று தெரியவில்லை. கீழே நூற்றுக்கணக்கான ஜனங்கள் எண்ணெய் தேய்த்த உடம்போடு அதன் அடியில் புகுந்து, அடி வாங்கிக்கொண்டு, சிரித்தபடி வெளியே வருகிறார்கள். நானும் பெண்கள் பக்கம் புகுந்தேன். தோளில் விழுந்த தண்ணீர் என்னை உட்கார வைத்துவிட்டது. மூச்சுத் திணறியது, பயந்தேன், ஆனால் வெளியே வர மனம் வரவில்லை. மழையைப் பற்றி எனக்கு இருந்த திமிரெல்லாம் அன்றோடு போயிற்று.

என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் இலத்தூர் பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஆறு வருடமாகப் பார்வை மங்கி மங்கி, வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. போன வருடம் வேறோர் ஊரில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி, பார்வை தெளியுமுன் சில நாளிலேயே அந்தக் கண் சீழ் வைத்து அடியோடு போய்விட்டது. இப்போது இடது கண்ணுக்குச் செய்திருந்தார்கள். இனி ஒரு கண்தான்.

அவர் கணவர் ராமையா தினமும் சாயங்காலம் இலத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். நெடுநெடுவென்ற உயரம், பஞ்சு போல வெள்ளைத் தலை, சத்தமில்லாத நடை. மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து வயல் கதை, மாட்டுக் கதை எல்லாம் சொல்லி விசிறிவிட்டுப் போவார். ஒருநாள் வாசலில் என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, கட்டு என்னைக்குப் பிரிப்பாக?"

"வர்ற புதன்கிழமை, அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. அன்னைக்கே மெயின் அருவியில தலைக்குத் தண்ணி விட்டுரலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊரில் அம்மை இறங்கினாலும், பிள்ளை பெற்றாலும், காய்ச்சல் விட்டாலும் தலைக்குத் தண்ணீர் விட்டால்தான் நோய் முடிந்தது என்று கணக்கு. சீசனில் அது அருவித் தண்ணீராக இருந்தால் இன்னும் விசேஷம். டாக்டரோ ஒரு மண்டலத்துக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது என்று தினமும் கத்திக்கொண்டிருந்தார்.

"போன வருசமும் அப்படித்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டேன்.

"செஞ்சேன். அங்கனதான் தப்புப் பண்ணிட்டேன் தாயி. கூட்டமா இருக்குன்னு ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். மெயின் அருவிக்குல்லா போயிருக்கணும்? இந்தத் தடவை தப்பு நடக்காது."

அவர் முகத்தில் அவ்வளவு உறுதி, அவ்வளவு அன்பு. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் அவரை மணமேடைக்கே வரவழைத்து, "தண்ணி பட்டுத்தான்யா அந்தக் கண்ணு போச்சு. இதுவும் போச்சுன்னா உன் பொஞ்சாதி காலம் பூரா இருட்டுலதான்" என்று சத்தம் போட்டார். ராமையா கைகட்டி நின்று, "சரிங்கய்யா" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "அய்யாவுக்கு மருந்து தெரியும். அருவி தெரியாதுல்லா" என்றார். "ஒரு மண்டலம் தலைக்கு ஊத்தாம கெடந்தா சூடு ஏறிக் கண்ணு வெந்து போவும். பேச்சி பாவம் தாயி."

நான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையெல்லாம் கொட்டினேன். கிருமி என்றேன், தையல் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பரீட்சையில் பெயிலான பிள்ளை பாவம் என்பதைப் போல என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போன பிறகு அவர் தலையில் தண்ணீர் ஊற்றினால் யார் போய்த் தடுப்பது? வேறு வழி தெரியாமல் பேச்சியம்மாளிடமே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் படுத்தபடியே, "நாளைக்கு அவுக வந்தா எங்கிட்ட கூட்டிட்டு வா. நீயும் நில்லு" என்றார்.

மறுநாள் ராமையா வந்து உட்கார்ந்ததும் பேச்சியம்மாள் கட்டுப் போட்ட கண்ணோடு மேலே பார்த்தபடியே பேசினார்.

"ஐந்தருவியால கண்ணு போச்சா, டாக்டரு சொல்லுத மாதிரி தண்ணியால போச்சா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இருக்கது ஒண்ணே ஒண்ணு."

"அதுக்காகத்தான பேச்சி..."

"சொல்லுததைக் கேளுங்க. பிள்ளைக்கு வேண்டிக்கிட்டு அப்பன்காரன் மொட்டை போடுததில்லையா? எனக்குப் பதிலா நீங்க அருவியில நில்லுங்க. எண்ணெய் தேச்சு, எனக்கு விட வேண்டிய தண்ணியெல்லாம் உங்க தலையில விடுங்க."

"நான் குளிச்சா ஒன் சீக்கு போகுமாளா?"

"போகும். நீங்க குளிங்க, நான் நின்னு பாக்கேன்."

ராமையா விசிறியை எடுத்து வீசத் தொடங்கினார், வீசிக்கொண்டே இருந்தார். "சரி" என்று அவர் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. விஷயத்தைக் கேட்ட டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். தூரத்தில் நின்று பார்க்கலாம், ஒரு துளிகூடப் படக்கூடாது, பட்டால் என்னைத் தொலைத்துவிடுவதாகச் சொன்னார்.

புதன்கிழமை கட்டைப் பிரித்தபோது பேச்சியம்மாளுக்குத் தெரிந்தது புகைமூட்டமாக உருவங்கள் மட்டும்தான். புரை எடுத்த கண்ணுக்குத் தடித்த கண்ணாடி போட்டால்தான் பார்வை தெளியும். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று கண்ணாடி திருநெல்வேலியிலிருந்து வர மதியம் ஆகும் என்றார்கள். ராமையா காத்திருக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தயாராக நிற்கிறேன் என்று காலையிலேயே குற்றாலத்துக்குப் போய்விட்டார்.

கண்ணாடி வந்தது. டாக்டர் மாட்டிவிட்டார். பேச்சியம்மாள் முதலில் கூரையைப் பார்த்தார், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீயா மலேசியாக்காரி? இம்புட்டு ஒல்லியாட்டி நீ? குரலைக் கேட்டு நல்ல தாட்டியமான பிள்ளைன்னுல்லா நெனச்சேன்!"

மண்டபமே சிரித்தது. கண் கட்டியிருந்தவர்கள் தலையை ஆட்டாமல் சிரித்தார்கள்.

வாடகைக் காரில் போனோம். டிரைவரிடம், பள்ளம் மேட்டில் மெதுவாகப் போகச் சொன்னேன். "கண்ணாஸ்பத்திரி கேஸா? பூ மாதிரிக் கொண்டு போறேன்" என்றார். வழியெல்லாம் பேச்சியம்மாள் வாய் ஓயவில்லை. வயலைக் காட்டினார், கொக்கைக் காட்டினார், சினிமா போஸ்டரைக் காட்டி, "இது யாரு, புதுசா இருக்கான்?" என்றார். குற்றாலத்தில் கடைத்தெருவுக்குப் பக்கத்தில், அருவியின் திவலை எட்டாத இடமாகப் பார்த்து ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழ் நிறுத்தினேன். தலையில் துண்டைச் சுற்றி, சாரல் பக்கம் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அருவியைப் பார்த்தார். அதுவரை ஓயாத வாய் அப்படியே நின்றுவிட்டது. அருவிக்கு அரை மணி நேரப் பஸ் தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை நின்ற மாதிரியே, மேகத்துக்கும் தண்ணீருக்கும் எல்லை தேடிக்கொண்டு நின்றார். என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அவுக எங்க?" என்றார் பிறகு.

ஆண்கள் பக்கம் ஒரே கூட்டம். நான் ராமையாவைப் பார்த்துவிட்டேன். சொல்வதற்குள் பேச்சியம்மாளே கையை நீட்டினார்.

"அந்தா நிக்காகள்லா! பாறையைப் பிடிச்சுக்கிட்டு. அந்தத் தோளு எனக்குத் தெரியாதா?"

அவர் காட்டியது நல்ல கறுத்த முடியோடு நின்ற உயரமான ஓர் ஆளை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது.

"இல்லக்கா, அவர் இல்ல. அவருக்கு இந்தப் பக்கம். தலை வெளுத்திருக்கே, அவர்."

பேச்சியம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். கறுத்த தலையைப் பார்த்தார், வெள்ளைத் தலையைப் பார்த்தார். அருவி ராமையாவின் தலையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அசையாமல், தன் மனைவிக்கு விழ வேண்டியதையெல்லாம் கண்ணை மூடி வாங்கிக்கொண்டு நின்றார்.

"அதா?"

"அதுதான்கா."

"மாட்டுக்குப் பல்லு விழுந்ததுலேர்ந்து எல்லாத்தையும் சொன்னாகளேட்டி," என்றார் மெதுவாக. "தலை நரைச்சதை ஒரு நாள்கூடச் சொல்லலையே."

"அழக்கூடாதுக்கா. டாக்டர் என்னைத் தொலைச்சிடுவாரு."

"நான் எங்கட்டி அழுதேன்? நீதான் அழுத."

உண்மைதான். ராமையா கண்ணைத் திறந்து, தண்ணீரைத் துடைத்துவிட்டு எங்களைத் தேடினார். கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். குடைக்குள்ளிருந்து பேச்சியம்மாளும் கையைத் தூக்கினார்.

ஆவணியில் மண்டலம் முடிந்து சோதனைக்கு வந்தபோது கண் தெளிவாக இருந்தது. டாக்டர் தலைக்குத் தண்ணீர் விட அனுமதி கொடுத்தார். "அதெல்லாம் அவுக அன்னைக்கே விட்டாச்சுல்லா" என்றார் பேச்சியம்மாள். நான் ஊருக்குக் கிளம்பிய அன்று இருவரும் தென்காசி ஸ்டேஷனுக்கு வந்தார்கள். வழியில் தின்பதற்கென்று ஒரு பை நிறைய மங்குஸ்தான். எங்கள் கொல்லையில் மரமே இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரயில் நகர்ந்ததும் ராமையா, "அடுத்த தடவை பாஸாயிருவே தாயி, கவலைப்படாத" என்று கத்தினார்.

பினாங்கில் கப்பல் கரை சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. மேல்தளத்திலிருந்து குடைகளுக்கு நடுவே அப்பாவைத் தேடினேன். கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இறங்கிப் போய்க் கட்டிக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் நிறுத்தி அவரைப் பார்த்தேன். காதோரமெல்லாம் வெள்ளை.

"இது எப்போலேர்ந்துப்பா?" என்றேன்.

"நீ நாலாம் படிவம் படிக்கும்போதிலிருந்தே" என்றார் அப்பா.