லெனோரா தேடிப்பிடித்த சிடி

மேரிலாந்தில் எங்கள் மாவட்டப் போலீசின் கணினி ஆய்வுக்கூடத்தில் லெனோரா ஃபிட்சுக்கு என் பக்கத்து மேஜை. பறிமுதலாகி வரும் கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கில் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நாற்பது எழுத்தில் ஒரு அடையாளம் எடுப்போம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் அடியோடு மாறிவிடும். கடையில் விற்கும் மென்பொருள்களின் அடையாளங்கள் ஒரு பட்டியலாக எங்களிடம் உண்டு. அதோடு பொருந்தியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் துருவுவோம்.

2004-இல் வென்டல் ப்ரைஸின் வழக்கு வந்தது. தண்ணீர் வாரியத்தில் எழுத்தர், அதிர்ந்து பேசாத மனிதர். அங்கே ஒருநாள் கம்ப்யூட்டரில் இருந்த பதிவேடுகள் எல்லாம் அழிந்துபோயின, சந்தேகம் அவர்மேல் விழுந்தது. வாயில் நுழையாத பெயரோடு ஒரு கோப்பு, அவர் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருந்தது. பட்டியலில் இல்லை. ‘சந்தேகத்துக்குரியது’ என்று அறிக்கை எழுதியது நான்.

லெனோராவுக்கு மனம் ஒப்பவில்லை. பறிமுதலின்போது அலுவலகத்திலும் வீட்டிலும் போலீஸ் எடுத்த புகைப்படங்களில் ஒரே மலிவு ஸ்கேனர் இருப்பதைக் கவனித்தாள். அந்தக் கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். மூன்று வாரம் பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்கி, ஃபிரெடரிக் ஊரில் சர்ச் நடத்தும் ஒரு கடையில் அந்த ஸ்கேனரோடு வந்த சிடியைப் பிடித்தாள். அதில் இருந்த கோப்புக்கு அடையாளம் எடுத்தோம். அவள் வாசிக்க வாசிக்க நான் சரிபார்த்தேன். நாற்பதும் பொருந்தின; நான் சந்தேகப்பட்டது ஸ்கேனரோடு வந்த சாதாரண மென்பொருளை.

உடனே அரசு வக்கீலுக்குப் போன் போட்டாள்.

"லேட் பண்ணிட்டியே லெனோரா. வெள்ளிக்கிழமையே குத்தத்த ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுட்டாரு."

"செய்யாதத எதுக்கு சார் ஒத்துக்கணும்?"

"அத அவர்கிட்டயே கேளு."

கேட்கப் போனோம். வென்டல் கதவைப் பாதிதான் திறந்தார்.

"கேஸ் நடத்தித் தோத்தா அஞ்சு வருஷம் உள்ள. கையெழுத்து போட்டா வீட்டுக்குப் போலாம். நீங்களா இருந்தா என்னம்மா பண்ணுவீங்க? உங்க ஆபீஸ்ல இருந்துதானே எழுதிக் குடுத்தாங்க?"

லெனோரா என்னைப் பார்க்கவில்லை. நான் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிடியைக் காட்டி வென்டல் சார்பில் போட்ட மறுவிசாரணை மனுவை நீதிபதி தள்ளுபடி செய்தார். தானாக ஒப்புக்கொண்டவருக்கு என்ன மறுவிசாரணை என்றார். வென்டலுக்கு வேலையும் ஓய்வூதியமும் போயின. பதிவேடுகளை நிஜத்தில் அழித்தது யாரென்று அப்புறம் ஒருவரும் தேடவில்லை.

சிடியைப் பட்டியலில் சேர்க்க லெனோரா அனுப்பிவைத்தாள், சேர்த்தார்கள். மேலதிகாரி பாராட்டிக் கடிதம் கொடுத்தார். அதை மேஜையிலேயே விட்டுவிட்டு அவள் வேலையை உதறினாள்.

வென்டல் இப்போது மளிகைக் கடை வாசலில் தள்ளுவண்டிகளை அடுக்குகிறார். நான் வேறு கடைக்குப் போகிறேன்.