கிராணியின் ஆர்டர்

பாடாங் செராய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணிக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையே போதும். ஆர்டர். துரை காலத்தில் எங்கள் கூலியை வெட்டினால் அது ஆர்டர். யார் வீட்டு வாசலிலாவது கொழுத்த கோழி மேய்ந்தால், "ஆபீசுக்கு ஒரு ஆர்டர்" என்பார். நாங்கள் குடியிருந்த லயத்தில் யாராவது சத்தம் போட்டால், "ஆர்டர், ஆர்டர்" என்று குடையால் தரையைத் தட்டுவார். ஜப்பான்காரன் வந்து இங்கிலீஷ் கூடாது என்றான். கிராணி இடுப்பு ஒடியக் குனியப் பழகினார். அந்த வார்த்தையை மட்டும் விடவில்லை.

ஒருநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வரிசையாக நின்றோம். சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் கேட்டு வந்த சிப்பாய், பத்துப் பேர் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அவ்வளவுதான் அவன் கேட்டது. கிராணி குடையோடு வரிசையில் நடந்தார். தம் மைத்துனனைத் தாண்டி, அடுத்து நின்ற என் கணவரின் தோளைக் குடை நுனியால் தொட்டார்.

"ஐயா, அவருக்கு இன்னும் காய்ச்சல் விடல. சப்பான்காரன் பத்து ஆளுன்னுதானே கேட்டான்? இவருதான் வேணும்னானா?" என்றேன்.

"ஆர்டர்மா. நான் என்ன செய்யறது?" என்றார், என்னைப் பார்க்காமல்.

என் கணவர் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து வந்த வெள்ளைக்காரன் கிராணியை விசாரித்தான். அவனிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். பழைய நாற்காலி அவருக்கே கிடைத்தது. மைத்துனன் கங்காணி ஆனான்.

அதன் பிறகு என்னைக் கண்டால் மட்டும், வெயிலோ மழையோ இல்லாவிட்டாலும், குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போவார். அது யார் போட்ட ஆர்டரோ.